எதையும் கரைக்கும் திரவம்

ஆங்கிலத்தில் பிறப்பிடம் கண்டுபிடிக்க முடியாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. கண்டுபிடிக்கத் துப்பில்லாத ஆட்கள்தான் உண்டு. அகராதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, தொப்பியைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பாகவே, எவரார்ட் பாஸ்க் இதை அறிவித்துவிட்டான்.

அலுவலகம் என்பது சேணம் தைக்கிறவரின் கடைக்கு மேலிருந்த மச்சு. சுவர் முழுக்கப் புறாக்கூடு மாதிரி மரத்தட்டுகள், தட்டுகள் முழுக்கக் காகிதச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அது வந்த வாக்கியம், புத்தகம், ஆண்டு. எல்லாம் நாடு முழுக்க இருந்த பாதிரியார்களும் ஓய்வுபெற்ற கப்பல் தளபதிகளும் வேறு வேலையில்லாமல் படித்து அனுப்பியவை. பதிப்பாசிரியர் டாக்டர் லட்லோ பத்தொன்பது வருடம் அயராது உழைத்து, 'ஏ' என்ற முதல் எழுத்தில் கால்வாசியைத் தாண்டியிருந்தார்.

பாஸ்க் கெட்டிக்காரன்தான், அதை மறுப்பதற்கில்லை. மஸில், அதாவது தசை, லத்தீனில் சுண்டெலி, தோலுக்கடியில் ஓடுவதால் வந்த பெயர் என்பான். அல்ஜீப்ரா அரபுச் சொல், முறிந்ததைச் சேர்ப்பது என்று பொருள், ஸ்பெயினில் எலும்பு கட்டுகிறவனுக்கும் அதே பெயர்தான் என்பான். "அதான் கணக்குப் பாடம் இன்னிக்கும் வலிக்குது" என்று முடிப்பான்.

அவனுக்கு எதிர் மேஜை மிஸ் டார்கஸ் கிரிம்ஷாவுடையது. மேற்கோள்களைச் சரிபார்ப்பது அந்த அம்மாளின் வேலை. ஆதாரம் அகப்படாத சொல்லுக்கு நேரே 'தோற்றம் தெரியவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு அடுத்த சீட்டை எடுப்பார். பாஸ்க்கால் இதைத் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை.

"நீங்க நடத்தறது அகராதியா, அநாதை ஆசிரமமா மிஸ் கிரிம்ஷா?"

அதோடு விடாமல் ஒரு சட்டமும் போட்டான். அந்த இரண்டு வார்த்தையை எழுதுகிறவர் அன்று நாலு மணிக்கு எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும். டாக்டர் லட்லோ சிரித்துவிட்டார், சட்டம் நிலைத்துவிட்டது. பன்னிரண்டு வாரமாக மிஸ் கிரிம்ஷாதான் தேநீர் போட்டார். காது உடைந்த கோப்பை மட்டும் தவறாமல் பாஸ்க்குக்கே வந்தது.

பதின்மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமையோடு பாஸ்க்கின் மூன்று மாதச் சோதனைக் காலம் முடிந்தது. அவன் கையிலிருந்த சொல் அல்கஹெஸ்ட். எதைப் போட்டாலும் கரைத்துவிடும் என்று பழைய ரசவாதிகள் தேடிய திரவம் அது. அதை எந்தப் பாத்திரத்தில் பிடித்து வைப்பது என்று மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. அந்தப் பதிவு சுத்தமாக வந்தால் நாற்காலி அவனுக்கு நிரந்தரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாஸ்க்குக்கு விடை தயாராக இருந்தது: பாலைவன உப்பு வியாபாரிகளின் அரபுச் சொல். ஆதாரம், சென்ற ஆண்டு ஒரு பாதிரியார் வெளியிட்ட நூலின் அடிக்குறிப்பு. 'இது ஓர் அறிஞரின் கருத்து' என்று அதில் போட்டிருந்தது. எந்த அறிஞர் என்று மிஸ் கிரிம்ஷா வழக்கம்போலப் பாதிரியாருக்கு எழுதிக் கேட்டார். வெள்ளி மதியம் வந்த பதிலைப் படித்தார், பாஸ்க்கின் மேஜையில் வைத்தார், தன் இடத்துக்குப் போனார்.

இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு வார இதழின் வாசகர் கடிதப் பகுதியில் அந்தக் கருத்தைப் படித்ததாகப் பாதிரியார் எழுதியிருந்தார். கீழே கையொப்பம் 'இ. பி.' என்று மட்டும் இருந்ததாம். அந்த மேதை யாரென்று தெரிந்தால் தன் வணக்கத்தைச் சொல்லும்படி கேட்டிருந்தார்.

இ. பி. என்பது எவரார்ட் பாஸ்க்கின் ஆங்கில முதலெழுத்துகள். கல்லூரிக் காலத்தில் அந்த இதழுக்கு வாரம் மூன்று கடிதம் எழுதியவன் அவன். எழுதியதை மறந்துவிட்டான், கருத்து மட்டும் எங்கேயோ படித்ததாக நினைவில் தங்கிவிட்டது.

"டாக்டர்கிட்ட காட்டிட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டான்.

"கடுதாசி உங்க மேஜையிலதானே இருக்கு."

"அப்ப எதுக்கு எனக்குக் காட்டினீங்க?"

"வணக்கம் சொல்லச் சொல்லியிருக்காரே" என்றார் மிஸ் கிரிம்ஷா, சீட்டிலிருந்து தலை தூக்காமல். "சொல்லிட்டேன்."

மூன்றரை வரை பாஸ்க் அரபு அகராதிகளைப் புரட்டினான். உப்பு அகப்பட்டது, வியாபாரிகள் அகப்பட்டார்கள், அந்தச் சொல் மட்டும் அகப்படவில்லை. அரபு எழுத்துக் கோப்பவரை அச்சகத்தில் காத்திருக்கச் சொல்லியிருப்பதாக உள்ளறையிலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டால் போதும், நாற்காலி அவனுடையது. மடிக்கவும் செய்தான். பிறகு பிரித்து, அல்கஹெஸ்ட் சீட்டுகளோடு சேர்த்துக் குண்டூசி குத்தினான். பதிவில் அரபு வரியை அடித்தான். மேலே இரண்டு வார்த்தை எழுதி, மை உலருமுன்பே சீட்டுக்கட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தான்.

டாக்டர் படித்தார். கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

"இந்த இ. பி. இங்க வேலை பாக்கிற ஆளா?"

"அது உங்க கையில இருக்கு சார்."

"தேநீர் குடிச்சிட்டுச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

மணி நாலு. மிஸ் கிரிம்ஷா எழுந்திருக்கவில்லை. பாஸ்க் கெட்டிலில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தான். கோப்பைகளை அலம்பி வரிசையாக அடுக்கினான். காது உடைந்ததைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.