சத்தம் வராத கேஸ்

மேசைக்கு அடியிலிருந்த கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகடு மறுபடியும் அதிரத் தொடங்கியது. அவன் வழக்கம்போல முழங்காலை அதன்மேல் அழுத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். வாங்கிய காலத்தில் மலிவு என்பதைத் தவிர, கம்ப்யூட்டரின் உறுப்புகளையெல்லாம் அடைத்திருந்த அந்தத் தகரக் கேஸிடம் வேறு நல்ல குணம் எதுவும் இருக்கவில்லை. இப்போது அதுவும் இல்லை. தலையில் பாரத்துக்கு அப்பாவின் தடித்த அகராதி, தகட்டின் இடுக்கில் மடித்துச் செருகிய அட்டை, ஒரு பக்கம் முழங்கால் என்று மூன்று பேர் பிடித்தும் அடங்காத பைத்தியம்போல அது ஆடிக்கொண்டிருந்தது. கட்டப்போகிற வீடுகளைக் கட்டிமுடித்த வீடுகளைப்போலப் படம் செய்து பில்டர்களுக்குக் கொடுப்பது அவன் தொழில். சன்னலில் விழும் வெயில், தரையில் அதன் நிழல் எல்லாம் சேர்ந்து ஒரு படம் உருவாகிவர மணிக்கணக்காகும். அத்தனை நேரமும் உள்ளே இருக்கும் குட்டி ஃபேன்கள் உயிர் போகிறமாதிரி கத்தும்.

சுவரின் அந்தப் பக்கமிருந்து 'டொக்' என்று ஒரு தட்டல் கேட்டது.

சுவர் என்று சொல்வது மரியாதைக்குத்தான். அது வெறும் பிளைவுட். அப்பா போனபிறகு கூடத்தைக் குறுக்கே மறித்து, முன்பாதி அக்காவுக்கு, பின்பாதி தம்பிக்கு என்று 'இப்போதைக்கு' அடித்த பலகை. இப்போதைக்கு அடித்தது அப்படியே நிலைத்துவிட்டது. பத்திரம் இன்னும் அப்பாவின் பேரில்தான் கிடந்தது. பேரை மாற்றவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில்தான் சிக்கல். முதலில் பேசுகிறவர் பங்கு கேட்கிறவர் ஆகிவிடுவாரே. அதனால் வருஷக்கணக்காக இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நல்லவர்களாக இருந்தார்கள்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் முறிந்து திரும்பி வந்ததும், பகலில் நாலு பேர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் ராத்திரி டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டவள். பகலெல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம் தலையை வைத்துத் தூங்குவாள். இந்தப் பக்கம் இவனுடைய கம்ப்யூட்டர். அவள் ஒருமுறை தட்டினால் 'சத்தம் தாங்கல' என்று அர்த்தம். இவன் பதிலுக்கு ஒருமுறை தட்டினால் 'சரி, தெரியுது' என்று அர்த்தம். தெரிந்து என்ன, அவனால் ஒன்றும் செய்யமுடியாது. அக்காவும் தம்பியும் அன்றாடம் பேசிக்கொள்வது அநேகமாக அவ்வளவுதான். அவள் கெட்டிலில் அவனுக்கென்று மீதி வைக்கும் டீயையும் பேச்சில் சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

இவன் ஒருமுறை தட்டினான். தட்டிவிட்டு, இந்தக் கேஸைத் தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்தான்.

அவன் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் அதற்குமேல் பித்துதான். கேஸ்களைத் திறந்து மூடிக் காட்டியே பிழைக்கிறவர்களின் வீடியோக்களைச் சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் பார்த்தான். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றினால்தான் காற்றைத் தள்ளும், அதனால் கத்தும். பெரிய ஃபேன் சோம்பேறியைப்போல மெதுவாகச் சுற்றி அதே காற்றைத் தள்ளிவிடும். பெரிய ஃபேன் வேண்டுமென்றால் பெரிய கேஸ் வேண்டும். நெருக்கடியான கேஸில் சூடு தங்கும். சூடு தங்கினால் சத்தம். முகப்பில் வலை வைத்த கேஸ் நன்றாக மூச்சுவிடும், ஆனால் சத்தத்தையும் வெளியே விட்டுவிடும். உள்ளே பஞ்சுப்பாய் ஒட்டிய கதவு வைத்தது சத்தத்தை விழுங்கும். இதில் எது என்று அவன் பட்ட பாட்டுக்கு ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணமே செய்துகொண்டிருக்கலாம். தாராளமாக இடம் இருந்தால் சத்தம் இருக்காது என்று கடைசியில் அவனுக்குப் புரிந்தது. மனிதர்களுக்கும் அப்படித்தானோ என்று அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கடைத்தெருவில் எல்லோரும் அதைக் கேபினெட் என்றுதான் சொல்வார்கள். வீடியோ பார்த்துப் பார்த்து இவன் வாயில் மட்டும் 'கேஸ்' ஒட்டிக்கொண்டது. நாலு பேரைப்போல அவனும் கேபினெட் என்று சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிநேகிதனுக்குத் 'திருகாணி' என்று பேர். எப்போதும் சட்டைப் பையில் நாலு திருகாணி கிடக்கும். அவனுக்குப் போன் போட்டபோது எதிர்முனை சரியாகக் கேட்கவேண்டுமே என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டான்.

"டேய், ஒரு கேஸ் விஷயமா பேசணும்."

"கேபினெட்னு சொல்லேன்டா, வாய் சுளுக்கிக்குமா?" என்றான் திருகாணி.

"ஏதோ ஒண்ணு. இந்தத் தடவை பெரிய கேஸா போட்டுடணும். எனக்கு இடம்தான் முக்கியம். தாராளமா இடம் வேணும். சத்தம் மட்டும் வெளியே வரவே கூடாது."

"அக்கா தூங்கறதுக்காகவா? அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. அக்காவுக்குத் தெரிஞ்சா வேணவே வேணாம்னு ஒத்தக்கால்ல நிப்பா. எல்லாம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சா போதும். அதுவரைக்கும் காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கட்டும்."

பகல் வேளையில் அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதி வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அக்கா புரண்டு படுக்கிறாள் என்று நினைத்து அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். தாழ்த்தாமல் பேசியிருந்தால், அதற்குப் பிறகு அவன் சொன்ன ஃபேன், கதவு, பஞ்சு எல்லாமும் அவள் காதில் விழுந்திருக்கும்.

மறுநாள் கெட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதற்கு மறுநாளும். தட்டலும் நின்றுபோனது. அவனுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. அசந்து தூங்குகிறாள் போலிருக்கிறது, நல்லதுதான் என்று இன்னும் கொஞ்சநேரம் கூடுதலாகக் கம்ப்யூட்டரை ஓடவிட்டான். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறை வாசலில் நின்றாள்.

"உனக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

மோப்பம் பிடித்துவிட்டாள் என்று நினைத்தான். பிறந்தநாள் பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்த பையனைப்போல அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"சொல்றேன், சொல்றேன். நேரம் வரட்டும்."

"சிரிக்கிற," என்றாள். அப்புறம் தன் பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேஸ் வந்துவிட்டதாகத் திருகாணி சொன்னதும் ஓடினான். கறுப்பு. பீரோவைத் தட்டிப்பார்ப்பதுபோல விரல்முட்டியால் தட்டினான். 'டங்' என்று அலறாமல் 'தொம்' என்று அடங்கியது. கதவைத் திறந்து உள்ளே கையை விட்டால் முழங்கைவரை எதிலும் இடிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் உட்காரும் இடத்தில் அதிராமல் இருக்க ரப்பர் வளையங்கள் வைத்திருந்தார்கள்.

"இதுக்குள்ள குடித்தனமே நடத்தலாம்டா," என்றான் திருகாணி.

தன்னைவிடப் பெரிதாகத் தெரிந்த அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது, அக்காவின் பாதியில் தெரு முக்கிலிருக்கும் டைல்ஸ் கடைக்காரர் நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். நாடாவின் மறுமுனை அக்காவின் கையில் இருந்தது.

"வாங்க தம்பி. இனிமே நாம பக்கத்துப் பக்கம்," என்றார் அவர். "சரக்கு வெக்கத்தான். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது." இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், நாடாவைச் சுருட்டிக்கொண்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

"என்னக்கா இது?"

"என் பங்கைக் குடுத்துட்டேன். ஒப்பந்தத்துல கையெழுத்தும் போட்டாச்சு. ராத்திரி முழுக்க முழிச்ச கண்ணோட கோர்ட்டுப் படியேறி உன் எதிர்ல நிக்க என்னால முடியாது."

"எந்தக் கோர்ட்டு?"

"நடிக்காதடா. பெரிய கேஸா போட்டுடணும், இடம்தான் முக்கியம், அக்காவுக்குத் தெரியக்கூடாது. நான் தூங்கிட்டுத்தானே இருந்தேன், செத்தா போயிட்டேன்?"

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. அவள் முகம் கறுத்ததைப் பார்த்தபிறகுதான் சிரிப்பை விழுங்கினான். அட்டைப்பெட்டியைக் கீழே வைத்து, கத்தரிக்கோலைத் தேடப் பொறுமையில்லாமல் கையாலேயே கிழித்தான். தெர்மோகோல் உடைந்து தரையெல்லாம் சிதறியது.

"இதுதான்கா கேஸு. சத்தம் வராத கேஸு. நீ தூங்கறதுக்காக."

அவள் குனிந்து பார்த்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே ஒட்டியிருந்த பஞ்சில் விரலை வைத்து அழுத்தினாள். நோயாளியின் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பதுபோல, பள்ளம் மெதுவாக மேலே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டிருக்கலாம்லக்கா? ஒரு வார்த்தை?"

"கேட்டேன். நீ சிரிச்ச."

அவன் காலடியில் கிடந்த தெர்மோகோல் துண்டுகளைக் காலால் ஒதுக்கினான்.

"அந்த இரைச்சல் இல்லேன்னா எனக்குத் தூக்கமே வராதுடா," என்றாள் அக்கா. "நீ போன் பேசின அன்னிக்கு அது நின்னுச்சு, அதனாலதான் முழிச்சேன்."

"அப்புறம் எதுக்கு தினம் தட்டின?"

"நீ பதிலுக்குத் தட்டுவேல்ல."

அவனுக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் இதை ஒரு வார்த்தை சொல்ல இவளுக்கு என்ன கேடு என்று நினைத்தான். அந்தக் கேள்வி தனக்கும்தான் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

"சரிக்கா, இப்பதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. டைல்ஸ்காரர்கிட்ட நான் பேசறேன். நல்ல மனுஷன், விட்டுடுவாரு."

"விடுவாரு. ஆனா நீ பேச வேணாம்."

"ஏன்?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "காதுல விழுந்ததும் அப்படியே நம்பிட்டேன்டா. என் தம்பி அப்படிச் செய்யமாட்டான்னு ஒரு பேச்சுக்குக்கூட மனசுல தோணல. தோணியிருந்தா அப்பவே கதவைத் தட்டி உன்னை நாலு அறை விட்டிருப்பேன். நேரா டைல்ஸ்காரர்கிட்ட போய் நின்னேன். அதுக்கப்புறம் எப்படி இந்தப் பக்கம் படுத்துத் தூங்கறது, சொல்லு? என்னிக்காவது ஒருத்தர் கேஸு போடத்தான் போறோம்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் அது பொய்யாகும். உள்ளே நுழைந்து நாடாவைப் பார்த்த கணத்தில் அவனுக்கு முதலில் வந்தது அதிர்ச்சி இல்லை. 'செய்துவிட்டாளா, எதிர்பார்த்தேன்' என்றுதான் மனம் சொன்னது. பழி தன்மேல் இல்லை என்று ஒரு சின்ன நிம்மதிகூட வந்தது. அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அவன் முகத்தைப் பார்த்த அக்காவுக்கும் தெரிந்திருக்கும். அவள் எழுந்து தரையில் சிதறிக்கிடந்த தெர்மோகோலைப் பெருக்கத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரி விடுதியில் அவளுக்கு அறை கிடைத்தது. அவள் போகிற அன்று பகலில்தான் அவன் பழைய கேஸைக் கழற்றினான். வேறு எதையும் செய்யத் தெரியாமல் அதைச் செய்தான். அப்பாவின் அகராதியை எடுத்து அலமாரியில் வைத்தான். ஒவ்வொன்றாகப் புதியதற்குள் மாற்றும்போது விரல்முட்டி எங்கேயும் இடிபடவில்லை, ஒயர்களெல்லாம் பின்பக்கம் ஒளிந்துகொண்டன. கதவைச் சாத்தி சுவிட்சைப் போட்டான். ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ ஒயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று குனிந்து பார்த்தான். முகப்பில் சின்ன வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பாதியில் நின்ற ஒரு வீட்டின் படத்தை ஓடவிட்டான். எந்தத் தடுப்பும் இல்லாத நீளமான கூடம், அதில் சாய்வாக விழும் வெயில். திரையில் தரை மெதுவாக உருவாகிவந்தது. அப்போதுதான் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டது. இழுப்பறை திறக்கிற சத்தம். ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அதுகூட இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு பெட்டியின்மேல் டேப்பை இழுத்து ஒட்டுகிற சத்தம், சர்ரென்று.

அவன் நாற்காலியை நகர்த்தி, பலகையில் விரலை மடக்கி ஒருமுறை தட்டினான்.

டேப் பாதியில் நின்றது. அவன் பலகையில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் மூச்சு விடுவது கேட்டது, பலகைக்கு மிக அருகில். திரையில் கூடம் முழுக்க வெயில் நிறைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் டேப் மறுபடியும் ஓடியது, நீளமாக, பெட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை.