குறையே இல்லாத கதாநாயகன்

பல்கலைக்கழக இதழில் மாதம் ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுவது மாணவி செஃபாகோரின் வேலை. இந்த மாதம் 'ஜன்னலோர பெஞ்சு'. கடலோர நகரமான கேப் கோஸ்ட்டின் பெண்கள் விடுதிகளில் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்த கல்லூரிக் காதல் நாவல். எழுதியவர் பெயர் 'கடற்காகம்' என்று மட்டும் இருந்தது.

முதல் ஐம்பது பக்கங்களைச் சிரித்துக்கொண்டே படித்தாள். கெங்கே என்ற புளித்த சோள உருண்டை வாங்க நிற்கும் வரிசையில் நடக்கும் சண்டை அப்படியே காதில் விழுந்தது. அறுபதாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. தேர்வில் தோற்ற கதாநாயகி, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுகிறாள். பிறகு அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் செய்து, "பாஸ் பண்ணிட்டேன்ப்பா" என்கிறாள்.

போன வருடம் செஃபாகோர் செய்ததும் அதேதான். அந்தப் பொய்யைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒருவனிடம், காதலன் எலிகெமிடம். கதாநாயகனும் எலிகெமைப் போலவே இடது காலால் பந்து உதைத்தான்.

மறுநாள் நூலகப் படிக்கட்டில் அவனை மடக்கினாள்.

"நீதான எழுதின?"

"என்னத்த?"

"நடிக்காத. 'ஜன்னலோர பெஞ்சு', அறுபதாம் பக்கம்."

"லேப் ரிப்போர்ட்டையே பக்கத்துல இருக்கறவனப் பாத்துதான் எழுதறேன். நானாவது, நாவலாவது!"

"அப்ப எவகிட்ட சொன்ன?"

அவன் முகம் மாறியது. "நான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறியா?"

அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன்பின் அவன் யாரோடு பேசினாலும் அவள் கண் அங்கேயே போனது. ஒரு மதியம், அவளுடைய அறைத்தோழி ட்ஸிஃபாவோடு மாமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் போன் செய்தபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை; இப்படியே இரண்டு வாரம் போனது.

மதிப்புரை கொடுக்க வேண்டிய நாள் வந்தது. நிறைகளை எழுதிவிட்டுக் குறைகளுக்கு வந்தாள். 'கதாநாயகன் மனிதனாகவே இல்லை. ஒரு நாளும் தாமதமாக வருவதில்லை. அவள் கோபப்பட்டால் சரியான வார்த்தை அவன் வாயில் தயாராக இருக்கிறது.'

பேனா நின்றது. எலிகெம் எப்போதும் தாமதம். கோபம் வந்தால் ஊமை. அவனை நெருங்கிப் பழகிய எவளும் இப்படி எழுத மாட்டாள். எழுதியவளுக்கு அவனைத் தூரத்திலிருந்துதான் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தது கதாநாயகியை. அப்போதுதான் உறைத்தது, தான் குழாயைத் திறந்துவிட்டு அழுததை எலிகெமிடம்கூடச் சொன்னதில்லை.

அறைக்குப் போனாள். ட்ஸிஃபா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கடற்காகம் நீதானேடி?"

இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது. "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"குழாய்த் தண்ணி."

ட்ஸிஃபா கட்டிலில் உட்கார்ந்தாள். "அன்னிக்குக் கதவுக்கு வெளியதான் நின்னேன், செஃபா. தட்டலாமா வேணாமான்னு நின்னுட்டே இருந்தேன். கடைசிவரைக்கும் தட்டல. அதனாலதான் கதையில தட்ட வச்சேன்."

கதையில் தோழி கதவைத் தட்டி உள்ளே வந்து, ஈரத் தரையில் அவளோடு உட்காருவாள். நாவலிலேயே சிறந்த இடம் என்று செஃபாகோர் கோடு போட்டிருந்தது அதைத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? எங்கப்பா கையில கிடைச்சா?"

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவ. நல்லா வந்துடுச்சு, எடுக்க மனசு வரல."

"நல்லா வந்திருக்கறதுதான்டி எரியுது! மரத்தடியில அவன்கிட்ட என்ன பேச்சு?"

"உனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டான். எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

"ரெண்டு வாரமா நாங்க அடிச்சுக்கறத வேடிக்க பாத்தியா?"

ட்ஸிஃபா அழுதாள். செஃபாகோர் சமாதானம் சொல்லவில்லை. அடுத்த பதிப்பில் அந்தப் போன் பேச்சை எடுத்துவிடுவதாக வாக்கு வாங்கிக்கொண்டு மதிப்புரையை முடித்தாள். உரையாடலையும் ஈரத்தரைக் காட்சியையும் மனதாரப் புகழ்ந்தாள். கடைசியில் எழுதினாள்: 'காதலர் இருவரில் ஒருவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும் சண்டையை மூன்று அத்தியாயம் இழுத்திருக்கிறார்.' எழுதியபின் அந்த வரியையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை எலிகெமின் விடுதி வாசலில் போய் நின்றாள்.

"உன்ன சந்தேகப்பட்டது தப்பு."

"எனக்கு இன்னும் கோவம் போகல" என்றான் அவன். ஆனாலும் திரும்பி உள்ளே போகாமல் அவளோடு கடற்கரை வரை நடந்தான்.

அந்தக் கோபம் தீரப் பருவத் தேர்வு வரை ஆயிற்று. தேர்வு முடிந்த வாரம் ட்ஸிஃபா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ரெண்டாவது நாவல் ஆரம்பிக்கறேன். நீங்க சண்ட போட்டு ராசியானத வச்சுக்கட்டுமா?"

"கூடாது" என்றாள் செஃபாகோர்.