பூச்சியத்துக்குக் கீழே போன வட்டி

1

இந்தக் கதை லண்டன் மெட்ரோபொலிட்டன் ரயிலில் பிறந்தது. பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ நகராட்சிக் கடன்பத்திரத்தைப் பற்றிப் போனில் உரக்கப் பேசினார். வெம்பிளியில் இறங்கிவிட்டார். ஹரோ வரைக்கும் மிச்சமெல்லாம் என் புளுகு.

முதல் தொடக்கம்: “மழை பெய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக் கூரை…” வேண்டாம். லண்டன் கதை என்றால் மழையில்தான் தொடங்கவேண்டுமா?

இரண்டாவது: “கடன்பத்திரம் என்பது…” ஐயோ, பரீட்சை விடை. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். பள்ளிக்கூடம் கட்ட நகரத்திடம் காசில்லை. சனத்திடம் கடன் கேட்கிறது. தந்தவருக்கு ஒரு பத்திரம், வருடாவருடம் வட்டி, கடைசியில் போட்ட முதலும் திரும்ப. ஏலத்தில் குறைந்த வட்டி கேட்பவருக்கே பத்திரம். முடிந்தது. தூங்கவில்லையே?

2

கோசிகாவைப் படைத்தேன். நகரக் கவுன்சிலில் நிதிப் பிரிவு ஊழியர். இது அவளுடைய முதல் ஏலம். பத்திரங்கள் எல்லாம் இன்று விற்றுப்போனால் பழைய ஆரம்பப் பள்ளிக்குப் புதுக் கட்டடம். ஒன்று மிஞ்சினாலும் ஏலம் ரத்து, பள்ளிக்குப் பூட்டு. (இப்படியொரு விதி உண்டா? எனக்குத் தேவைப்பட்டது, போட்டேன்.)

அவளுக்கு ஒரு காதலனும் கொடுத்திருந்தேன். அவன் பூங்கொத்தோடு மண்டபத்துக்குள்… [அழித்துவிட்டேன். ஏலத்தில் அவனுக்கு என்ன வேலை?]

மண்டபம் நிறைய நம்மவர்கள். இங்கேதான் பிழை விட்டேன். இவர்கள் லண்டனுக்கு வந்த நாள் முதல் மாதச் சீட்டுப் பிடித்து ஏலம் கூறியவர்கள். சீட்டில் யார் தனக்கு வரும் தொகையில் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கே அந்த மாதக் காசு. அந்தக் கை சும்மா இருக்குமா?

“முதல் பத்திரம், நூற்றுக்கு நாலு வீத வட்டி,” என்றாள் கோசிகா.

“மூண்டு,” என்றார் ஓய்வுபெற்ற தாதி அருமைநாயகி.

“ஒண்டு.” இது பலசரக்குக் கடை அருட்பிரகாசம். சீட்டில் அருமைநாயகியை அவர் ஒருநாளும் வென்றதில்லை.

“அரை.”

“எனக்கு வட்டியே வேண்டாம்.”

“அப்ப நான் கவுன்சிலுக்கு ஒரு வீதம் தாறன்,” என்றார் அருமைநாயகி.

மண்டபம் கைதட்டியது. நானும் பேனாவை வைத்துவிட்டுத் தட்டினேன்.

“அன்ரி, ஸீரோவுக்குக் கீழ போகேலாது,” என்றாள் கோசிகா. “கடன் தாறது நீங்கள்.”

3

அருமைநாயகியில் எனக்குச் சந்தேகம் வந்தது. சீட்டையும் கடன்பத்திரத்தையும் குழப்பிக்கொண்ட அப்பாவி என்று ஒரு வசனம் எழுதினேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“தம்பி, எனக்குக் கணக்குத் தெரியும். நாங்கள் அகதியா வந்து இறங்கேக்க என்ர மகளுக்கு ஒரு சொல்லு இங்கிலீஷ் வராது. இந்தப் பள்ளிக்கூடம் அடுத்த நாளே அவளை வகுப்பில இருத்தினது. நான் என்னெண்டு அந்தப் பள்ளிக்கூடத்திட்ட வட்டி வாங்கிறது? அந்த வசனத்தை வெட்டுங்கோ.”

வெட்டினேன். கண் கலங்கிவிட்டது. பகிடிக் கதை எழுத உட்கார்ந்தவனுக்கு இது தேவையா?

4

பத்திரங்கள் பூச்சிய வட்டிக்குப் பறந்தன. ஒன்று மட்டும் மிஞ்சியது. எல்லாரும் இருந்ததைப் போட்டுவிட்டார்கள். அருட்பிரகாசம் வெறும் பொக்கற்றை வெளியே இழுத்துக் காட்டுகிறார்.

முடிவு அ: கோசிகாவே வாங்குகிறாள். (ஊழியர் வாங்கக்கூடாது. இந்த விதியையும் நானே போட்டேன், மடையன்.)

முடிவு ஆ: ஒரு வங்கி வந்து ஆறு வீதம் கேட்டு… (அருமைநாயகி எனக்கு அடிப்பார்.)

முடிவு இ: நான் வாங்குகிறேன். எழுத்தாளனிடம் காசா!

ஆனால் கதவடியில் இன்னும் ஒருவர் நிற்கிறார். கதையின் முதல் வரியிலிருந்து ஒரு சதமும் போடாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு. ஓம், உங்களைத்தான். அருமைநாயகி பக்கத்துக் கதிரையிலிருந்து கைப்பையை எடுத்து இடம் விடுகிறார். கோசிகா சுத்தியலை உயர்த்திவிட்டாள்.

“கதவடியில நிக்கிறவர்,” என்கிறாள். “நீங்கள் என்ன வட்டி கேக்கிறீங்கள்?”