இடது காதுத் தோடு

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். வழுவழுவென்று தார் போட்டு, நடுவில் வெள்ளைக்கோடும் இழுத்து வைத்திருக்கிறார்கள். தாடிக்கொம்பிலிருந்து சோலைமலை ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிய தொண்ணூற்றேழில், தொண்டிக்குத் தெற்கே பாதி மணல், பாதி உப்புத் தண்ணீர், மிச்சம் ஆண்டவன் விட்ட வழி.

போனது தங்கச்சி இளவேனிலுக்காக. வேடசந்தூர் மில்லில் வேலை பார்த்த கடற்கரைப் பையனைக் கட்டிக்கொண்டு அவள் போனபோது அப்பா வாசலை அடைத்தார். சோலைமலை வாயை அடைத்துக்கொண்டான். தங்கச்சிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷம் கழித்து அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'அண்ணே, பாப்பாவுக்கு ஞாயித்துக்கெழம காது குத்துறோம். பத்தரைக்குள்ள நல்ல நேரம். தாய்மாமன் மடியிலதான் ஒக்கார வைக்கணும். வந்தா வா.'

அந்த 'வந்தா வா' அவனை நாலு நாள் தூங்கவிடவில்லை. இதற்கும் போகாவிட்டால் பிறகு எந்த மூஞ்சியோடு போவது?

தோடு வாங்கினான், பட்டுப்பாவாடை எடுத்தான். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு டயரிலும் கல்லாட்டம் காற்றடித்தான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கருவேல முள்ளிலும் சரளையிலும் ஓட்டுகிறவனுக்குக் காற்று குறைந்தால் முள் ஏறிவிடுமோ என்று பயம். அந்தப் புத்தியைக் கடற்கரைக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போனான் மனுஷன்.

விடியுமுன் கிளம்பி, மதுரை தாண்டி, தொண்டி வரை ராஜாவாகத்தான் போனான். மணல் தொடங்கியதும் வண்டி குடிகாரனாக ஆடியது. முதல் தடவை விழுந்ததும் சிரித்தான். இரண்டாம் தடவை வைதான். மூன்றாம் தடவை இடது மணிக்கட்டு மடங்கி, வண்டிக்கடியில் கிடந்தான். மணி பத்து.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த கருப்பம்மாள் என்ற பெண் ஓடிவந்து வண்டியைத் தூக்கினாள். டயரை அமுக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்த ஊருப்பா நீ? மணலுக்குள்ள வாரவன் இம்புட்டுக் காத்தா அடிப்ப? பாதியப் பிடுங்கு."

"முள்ளு ஏறிருமே ஆத்தா."

"இங்கிட்டு ஏது முள்ளு? நீ ஊரு போய்ச் சேரணுமா, வேணாமா?"

அவன் யோசிப்பதற்குள் கொண்டை ஊசியால் காற்றைத் திறந்துவிட்டாள். சொன்னால் ஆச்சரியம், அதன்பிறகு வண்டி மணலில் அழுந்தி, யானை நடையில் போனது. வீங்கின கையால் கிளட்ச் பிடிக்க முடியாமல் கடைசிவரை ஒரே கியரில் ஓட்டினான்.

போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. பந்தலில் பாதிப்பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இளவேனில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். குழந்தையின் வலது காதில் புதுத்தோடு மின்னியது. சோலைமலைக்கு வண்டியை விட்டு இறங்கவே மனம் வரவில்லை.

"முடிஞ்சிருச்சா?"

"ஒரு காதுதான் முடிஞ்சது. நேரம் போகுதுன்னு, முறைக்கு மாமன்னு ஒரு ஆளு மடியில வச்சுக் குத்திட்டாக. மறு காதத் தொட விடல நான். சண்ட போட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"நான் வராமயே போயிருந்தா?"

"ஒத்தக் காதோட வளந்திருக்கும்."

ஆசாரியைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக் கூட்டிவந்தார்கள். சோலைமலை சம்மணமிட்டு உட்கார்ந்து, நல்ல கையால் மருமகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். இடது காதில் அவன் கொண்டுபோன தோடு ஏறியது. வலது காதில் சிவப்புக்கல், இடது காதில் வெள்ளைக்கல். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

குழந்தை செத்த நேரம் வீறிட்டு அழுதுவிட்டு வாழைப்பழத்துக்கு ஓய்ந்தது. சோலைமலை ஓயவில்லை. தோளெல்லாம் குலுங்க அழுதான். கை வலி தாங்கவில்லை போலும் என்று பந்தலில் இருந்தவர்கள் எண்ணெயும் துணியும் தேடி ஓடினார்கள். இளவேனில் மட்டும் எங்கும் ஓடாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "சரிண்ணே, விடு" என்றாள்.