இடது பக்கம் இழுக்கும் கேரவன்

டாக்டர் ஹெந்தர்த்தோ பல் பிடுங்குவதோடு நின்றிருக்கலாம். மாடியில் மூன்று திரை, நிஜ விமானத்திலிருந்து கழற்றிய இருக்கை, காலுக்கு இரும்புப் பெடல் என்று விமான சிமுலேட்டர் கட்டி வைத்துக்கொண்டு, ஒரு சின்ன கேரவன் விமானத்தை ஓடுபாதையில் நேராக ஓட்டத் தெரியாத மனிதர். எங்கள் சுரபாயா சிமுலேட்டர் குழுவில் இப்படி நாற்பது பேர். பாதிப் பேருக்கு விமானத்தை ஓட்டுவதைவிட அதற்கு வண்ணம் மாற்றுவதில்தான் ஆசை.

எந்த மாடல் எப்படிப் பறக்கிறது என்று இந்தக் கூட்டத்துக்கு எழுதிச் சொல்பவன் நான். மூன்று வருடத்தில் பதினொரு ஒப்பீடுகள். நான் குப்பை என்றால் ஒருவரும் தொடமாட்டார்கள். பகலில் சிமெண்ட் கிடங்கில் லாரிக்காரர்களுக்குச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறேன். அங்கே என்னை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கென்று இருந்த மரியாதை இந்த ஒப்பீடுகளால் வந்ததுதான்.

பதினோராவதில் மூன்று டர்போப்ராப், அதாவது விசிறி வைத்த விமானங்களை எடுத்தேன். ஏடிஆர் எருமை, சொன்னால் யோசித்துத்தான் திரும்பும். ட்வின் ஆட்டர் கைக்குட்டை அளவு இடத்திலும் இறங்கும், காற்றடித்தால் குடிகாரன். ஒற்றை எஞ்சின் கேரவனோ முழு விசை கொடுத்தாலும் நூல் பிடித்ததுபோல் ஓடுகிறது என்று எழுதினேன். தன்னுடையது இடது பக்கம் இழுக்கிறதே, வலது பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே என்று டாக்டர் பணிவாகக் கேட்டிருந்தார். விசிறி சுற்றும் திசைக்கு அப்படித்தானே இழுக்கும் என்று ஒரு வரி வேறு. எனக்கே பாடம்.

"பல்லு பிடுங்குற ஆளு உக்காந்தா அப்படித்தான் டாக்டர் இழுக்கும்" என்று பதில் போட்டேன். அவரைத் தவிர எல்லோரும் சிரிப்புப் படம் அனுப்பினார்கள். அந்த ருசியில் ஒரு மாதம் அவரை விடவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வந்து ஓட்டிக் காட்டுங்கள் என்று தன் வீட்டுக்கே அழைத்தார். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ரவோன் என்ற கறுப்பு மாட்டுக்கறிக் குழம்பு சமைத்து வைத்திருந்தார். வெட்கமில்லாத விருந்தோம்பல் என்று நினைத்துக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். என் காலில் இது பாதையை விட்டு விலகினால் இனி நான் எழுதமாட்டேன் என்று சபையறியச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முழு விசை கொடுத்தேன். கேரவன் இடது பக்கம் திரும்பி, புல்லைத் தாண்டி, நின்றிருந்த எண்ணெய் வண்டியில் போய் மோதியது. மூன்று முறையும் அதே வண்டி. பெடல் கோளாறு என்றேன். டாக்டர் உட்கார்ந்து அதே பெடலில் நேராக ஏற்றிக் காட்டினார். அவர் வலது கால் அழுத்தமாக இறங்கியிருந்ததைப் பார்த்தேன்.

படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, அண்ணன் முறையில் 'சாக்' போட்டுக் கூப்பிட்டார். "சாக் ருஸ்லான், உங்க செட்டிங்ல பெடல் உதவின்னு ஒரு டிக் இருக்கும். அத எடுத்தீங்களான்னு பாருங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

வீட்டுக்கு வந்து பார்த்தேன், டிக் இருந்தது. முதலில் பெடல் வாங்க வழியில்லாமல் வெறும் ஜாய்ஸ்டிக்கோடு ஓட்டிய நாளில் நானே போட்டது. பிறகு பெடல் வாங்கினேன், டிக்கை மறந்தேன். மூன்று வருடம் என் கால் வெறுமனே ஆடிக்கொண்டிருக்க, கம்ப்யூட்டர்தான் விமானத்தை நேராகப் பிடித்திருக்கிறது. டிக்கை எடுத்துவிட்டு ஓட்டினேன். நேரே புல்லுக்குள் போனது.

குழுவில் இரண்டு பேர் இன்னமும் டாக்டர் வீட்டுப் பெடலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பியிருக்கலாம். அந்த மனிதர் வாயைத் திறக்கவும் மாட்டார். அவர் தயவில் நான் நிபுணனாக இருப்பதா? நினைக்கவே எரிந்தது.

"பதினொரு தடவையும் விமானத்த நேரா வச்சது நான் இல்ல, உதவி டிக். டாக்டர் சொன்னதுதான் சரி. இனிமே அவரே எழுதட்டும்" என்று போட்டேன்.

அரை நிமிடத்தில் முதல் சிரிப்புப் படம் வந்தது. பிறகு மளமளவென்று வந்தன. ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லோரும் இருந்தார்கள், டாக்டரைத் தவிர.