முக்கால் கூடைப் புளி

ஜவ்வாது மலையில் அந்தச் சின்ன ஊருக்குப் பொதுவாக நாலு புளியமரம். மாசி பிறந்தால் ஆறு ஆண்கள் ஏறி உலுக்குவார்கள், ஆறு பெண்கள் கீழே பொறுக்குவார்கள். ஏறினவனுக்கு ஒரு கூடை, பொறுக்கினவளுக்கு அரைக் கூடை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பதுதானே நியாயம் என்று எல்லோரும் நம்பினார்கள், மங்கம்மாளும்தான்.

அவள் புருஷன் செத்து மூணு வருஷம். அரைக் கூடையைச் சுமந்து ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்கினால் கால்வலிதான் மிச்சம், மகளுக்கு ஒரு கம்பளிகூடத் தேறாது. எழுபத்தெட்டாம் வருஷம் அவள் அண்ணன் சின்னராசு காலை முறித்துக்கொண்டான். "நீ கீழ குந்திப் பொறுக்கு அண்ணே, உன் மரத்த நான் பாத்துக்கறேன்" என்று சேலையை வரிந்து கட்டி ஏறிவிட்டாள்.

"மெதுவாடி! எனக்குக் கால்தான் போச்சு, உனக்கு மண்டையாவது இருக்கட்டும்" என்று கீழிருந்து அவன் கத்த, பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

சாயங்காலம் ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி பங்கு போட்டார். சின்னராசுக்கு ஒரு கூடை. மங்கம்மாளுக்கு அரை.

"இன்னா மாமா இது? ஏறினது நானாச்சே."

அவர் திகைத்துப்போனார். "பொம்பளைக்கு அரைதானேம்மா? எங்கப்பன் காலத்துல அதுலயும் பாதி. நான்தான் சண்டை போட்டு அரையாக்கனேன். பைத்தியம்னாங்க என்னை."

"அன்னிக்கு நீங்க பண்ணது நியாயம்தான் மாமா. பங்கு ஏறினதுக்கா, மீசைக்கா, அத மட்டும் சொல்லுங்க."

தீர்த்தகிரி மோவாயைச் சொறிந்தார். பிறகு குனிந்து, இரண்டு பேர் கூடையையும் மாற்றி வைத்தார்.

"ஏங்க, இது அடுக்காதுங்க!" சின்னராசு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "ஏறின வருஷமெல்லாம் இப்பிடி வலிச்சதில்ல. இதுக்கு அரையா?"

"இத்தினி வருஷமா நாங்களும் அதத்தான சொன்னோம்" என்றாள் பொறுக்குகிறவர்களில் மூத்தவள் செல்லியம்மாள். "காதுல ஏறல. இப்ப முதுகுல ஏறிடுச்சு."

தீர்த்தகிரி மனசுக்குள் கணக்குப் போட்டார். "பன்னெண்டு பேருக்கும் ஒண்ணாப் போட்டா ஆளுக்கு முக்கால் கூடை வருது. உனக்குத்தான் குறையும் மங்கம்மா. சம்மதமா?"

முழுக் கூடை கைக்கு வந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்லியம்மாள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள்.

"எல்லாத்தையும் கொட்டிக் கலந்துடுங்க மாமா" என்றாள் மங்கம்மாள். "முக்கால்னா சந்தைக்கு இறங்கலாம். ஆனா அடுத்த வருஷம் நீங்களும் வந்து பொறுக்கணும்."

"நானா?" என்ற தீர்த்தகிரியின் கை தன்னால் இடுப்புக்குப் போனது.