விட்டுப்போன ஓர் ‘ஆனா’

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காரைப் பதினேழு வருடமாக விற்காமல் வைத்திருக்கும் பயந்தாங்கொள்ளி நான். விற்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். வண்டிக்குள் எங்காவது ‘கடக்’ என்றால் என் வயிற்றுக்குள்ளும் அது கேட்கும். புதிய வண்டி வாங்கலாம்தான். அதில் என்னென்ன சத்தம் வருமோ, யார் கண்டது? பழகிய பயமே போதும் என்று, "இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்" என்பேன். ஆறு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. போன வாரம் சிக்னலில் வண்டி மூன்று முறை நின்றுபோய், பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்து அவள் மானத்தை வாங்கிவிட்டார்கள்.

"எப்பதாங்க விடுதலை குடுக்கப் போறீங்க? எனக்கா, வண்டிக்கான்னு கேக்காதீங்க. ரெண்டு பேருக்கும்தான்."

மாடிப்படியில் வழுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு மூன்று வாரமாக நான் இந்த மேசையே கதி என்று கிடக்கிறேன். வண்டி ஓட்டுவது அவள். வண்டியை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று முடிவு செய்வது நான். இந்த அநியாயத்தைக் கதையாக எழுதலாமே என்று இன்று மதியம் சாப்பிட்டதும் உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "என் மகள் பிறந்தபோது அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்தக் கார்தான்..."

[அடித்துவிட்டேன். பழைய காரைப் பற்றி எழுதுகிற எவனும் அதில் ஒரு பச்சைப் பிள்ளையை ஏற்றாமல் விடுவதில்லை.]

இரண்டாவது தொடக்கம்: "ஒரு வண்டியை எத்தனை வருடம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்குச் சட்டம் ஒன்றும் கிடையாது. அதை நம்புகிற வரைக்கும்—"

[நம்புகிற வரைக்கும் என்ன? தெரியவில்லை. பாதியிலேயே கிடக்கட்டும்.]

மூன்றாவதாக, மெக்கானிக்கின் போனிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது. அது இன்று காலை நிஜமாகவே நடந்தது. சிக்னலில் நின்றுபோன கதையைச் சொல்லி, வந்து பார்க்கச் சொல்லியிருந்தேன். வந்தார். கீழே வாசலில் வண்டியை நிறுத்தியிருந்த இடத்திலேயே பார்த்துவிட்டு, மாடி ஏறாமல் போய்விட்டார். பத்தரைக்குப் பட்டறையிலிருந்து பேசினார். அதை இப்படி எழுதினேன்:

"ஸ்டார்ட்டிங் சரி பண்ணிட்டேன் சார். வண்டி நிக்காது சார். நாளைக்கு ஆள் அனுப்பறேன்," என்றார் மெக்கானிக் பெருமையாக.

"ரொம்ப சந்தோஷம்!" என்று நான் போனை வைத்ததையும், சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தியதையும் எழுதினேன்:

"கேட்டியா? இனிமே நிக்காதாம்!"

"உங்க வண்டி, உங்க மெக்கானிக். சொன்னா சரிதான்."

இந்த வரியை எழுதிக்கொண்டிருந்தபோதே அவள் சாவியை எடுத்துக்கொண்டு, "பொண்ணைக் கூட்டிட்டு வந்துடறேங்க" என்றாள். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. நான் தலை நிமிரவில்லை. "ம்" என்றேன்.

3

அவள் போன பிறகு, எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மெக்கானிக் பாத்திரத்தில் ஒரு சந்தேகம் வந்தது. ‘பெருமையாக’ என்பது ஒட்டவில்லை. அந்த மனிதர் பெருமைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ‘சலிப்பாக’ என்று மாற்றினேன். அதுவும் இல்லை. சரி, அவர் குரலையே நினைவில் ஓட்டிப் பார்ப்போம் என்று கண்ணை மூடினேன். பின்னணியில் இரும்பு அறுக்கும் மெஷின் அலறிக்கொண்டிருந்தது. "ஸ்டார்ட்டிங் சரி பண்ணிட்டேன் சார்." பிறகு ஒரு சொல். பிறகு மெஷின் சத்தத்தில் ஏதோ அமுங்கிப்போனது. பிறகு, "வண்டி நிக்காது சார்."

அந்த ஒரு சொல் ‘ஆனா’.

காலையில் அது என் காதில் விழுந்தது, சத்தியமாக விழுந்தது. எழுதும்போது நான்தான் அதை விட்டுவிட்டேன். வாக்கியத்துக்கு அது தேவையில்லை என்று பட்டது. அடுத்தவர் எழுத்தில் தேவையில்லாத சொற்களை வெட்டுவதுதான் என் பிழைப்பு.*

[* பதிப்பகத்தில் பிரதி திருத்துகிறேன். அங்கே எனக்குக் ‘கத்தரி’ என்று பெயர். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. உண்டு என்ன, இருந்தது.]

நடுவழியில் நின்றுபோகாது என்பது நல்ல செய்தி. நல்ல செய்திக்கு முன்னால் யாராவது ‘ஆனா’ போடுவார்களா? நின்றுபோகாது என்றாலும் ‘நிக்காது’தான். நிறுத்தினால் நிற்காது என்றாலும் ‘நிக்காது’தான். எனக்கு எது வேண்டுமோ அதை நான் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு வரும் ஆளையும் காசு வாங்க வருகிறவர் என்றே எடுத்துக்கொண்டேன்.

போனை எடுத்தேன். அவரைக் கூப்பிட்டேன்.

"பிரேக் போட்டா நிக்காதுன்னுதானே சார் சொன்னேன்! பிரேக் ஆயில் ஒழுகுது. நாலு தடவை மிதிச்சா பிடிக்கும், அஞ்சாவது தடவை பெடல் தரையோட போயிடும். நாளைக்கு ஆள் அனுப்பி இழுத்துட்டு வரச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க வேற ‘ரொம்ப சந்தோஷம்’னீங்க. என்ன மனுஷன்டா இவருன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சார்... வண்டி கீழதானே இருக்கு?"

"இல்லையே," என்றேன்.

"ஐயோ, யாரு சார் எடுத்தது?"

4

மனைவியின் நம்பரைப் போட்டேன். படுக்கையறையில், சார்ஜரில் அவள் போன் அடித்தது.

பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போட்டேன். "வாசல்ல காணோமேங்க. இன்னும் பெல்லே அடிக்கலையே, வந்துடுவாங்க," என்றார் அந்த அம்மா நிதானமாக. மெக்கானிக் பைக்கை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பிவிட்டார். நான் எழுந்து நிற்கப் பார்த்தேன்; நாற்காலியோடு சாய்ந்ததுதான் மிச்சம்.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழி முழுக்க இறக்கம், பத்து நிமிட ஓட்டம். ஒரு வளைவு. இறக்கம் முடியும் இடத்தில் லாரிகள் குறுக்கே போகும் நாற்சந்தி.

இந்த நேரத்திலும் எழுதுகிறாயா, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். பேனாவைக் கீழே வைத்தால் அந்த நாற்சந்தி கண் முன்னால் வந்துவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: தெருமுனையிலேயே பெடல் கீழே இறங்குவது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே நடந்து போகிறாள். [இதுதான் வேண்டும். ஆயுசு முழுக்கத் திட்டட்டும். ஆனால், அப்படியென்றால் இந்நேரம் யார் போனிலிருந்தாவது கூப்பிட்டு—]

முடிவு இரண்டு: பாதி இறக்கத்தில் தெரிகிறது. பதறாமல் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து— [ஹேண்ட் பிரேக்கும் சரியில்லை. போன மழைக்காலத்திலேயே சொன்னாள். "பார்க்கலாம்" என்றேன்.]

முடிவு மூன்று: அந்த நாற்சந்தியில்—

[மாட்டேன். இதை எழுத மாட்டேன்.]

6

மணி மூன்று இருபத்தைந்து. போன் அடிக்கிறது. மெக்கானிக் இல்லை, பள்ளிக்கூட நம்பர். இடது கையில் போன், வலது கையில் பேனா.

"அப்பா, நான்தான். ஆபீஸ் ஆன்ட்டி போன்ல பேசறேன். எல்லாரும் போயாச்சு. அம்மா இன்னும் வரலப்பா."

போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன்.

"அம்மா கிளம்பிட்டாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுப்பா."

இதைவிடச் சின்னக் கேள்வி உலகத்தில் இல்லை. இன்னும் கிளம்பவில்லை என்றால், அது பொய். மகள் அங்கேயே சமர்த்தாகக் காத்திருப்பாள், வராதவளுக்காக. கிளம்பிவிட்டாள் என்றால், "எப்பப்பா?" என்பாள். பத்து நிமிட வழி, கிளம்பி முப்பத்தைந்து நிமிடம். அவள் கணக்கில் கெட்டிக்காரி. எதைச் சொன்னாலும் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்; அடுத்த நொடி அவளும் என்னைப்போல் பயப்பட ஆரம்பித்துவிடுவாள்.

"அப்பா? லைன்ல இருக்கியா?"

இருக்கிறேன். ஆனால் இந்தக் கதையை முடிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்தாருங்கள், போனை உங்களிடம் நீட்டுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்குப் பதினோரு வயது. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.